நான் எடுக்காத உன் நிச்சயதார்த்தப் படங்கள்

முரளி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில், "விமலா அத்தை ஆல்பம் குடுத்துட்டாங்களாமே, பாத்தியாம்மா? எப்படி இருக்கு?" என்று கேட்டாய். "நல்லாருக்குடா" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று போனை வைத்துவிட்டேன். பாலும் இல்லை, அடுப்பும் பற்றவைக்கவில்லை. ஆல்பம் என் மடியில்தான் இருந்தது, காலையிலிருந்து அதைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணம் ஆகி, பெண்டாட்டியோடு புனேயில் தனிக்குடித்தனம் வைத்துவிட்ட பிள்ளையிடம் பால் பொங்குகிறது என்று சொல்லித் தப்பித்தால் நன்றாகவா இருக்கிறது? அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். படங்கள் அவ்வளவு நன்றாக இருக்கின்றன, எனக்கு வயிறு எரிகிறது. விமலாவின் மேல் பொறாமை. உன் பெண்டாட்டி மேலும் கொஞ்சம். இதைப் படித்துவிட்டு அப்பாவுக்குப் போன் போட்டு, "அம்மாவுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்காதே. அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பல வருடமாக இருப்பதுதான்.

நீ ஏழாவதோ எட்டாவதோ படிக்கும்போது உன் மாமா மஸ்கட்டிலிருந்து ஒரு கேமரா கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்தான். அப்பா அதைப் பெட்டியோடு பீரோவில் வைத்துப் பூட்டினார். அணுமின் நிலையத்தில் ஷிப்டு முடித்து வந்து தூங்கவே அவருக்கு நேரம் சரியாக இருந்தது. நான்தான் எடுத்து ஃபிலிம் போட்டேன். செங்கல்பட்டில் ஒரு ஸ்டுடியோ மாடியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டு, புதுப்பட்டினத்திலிருந்து பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தேன். அத்தனை ஆண்களுக்கு நடுவில் பெண்கள் இரண்டே பேர், நானும் விமலாவும். அவள் செங்கல்பட்டுக்காரி. கூச்சமே கிடையாது. முதல் நாளே என் பிறந்த ஊரைக் கேட்டுக்கொண்டு, என் டிபன் டப்பாவைத் திறந்து, "படாளத்துக்காரங்க வத்தக்குழம்பு வேற மாதிரி இருக்கும்னு சொல்வாங்க, பாப்போம்" என்று கைவிட்டு எடுத்தாள். அப்படித்தான் சிநேகிதம் ஆனோம். நலங்கு, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு போன்ற இடங்களில் பெண்கள் இருக்கும் பக்கம் ஆண் போட்டோகிராபர் வருவதைப் பலர் விரும்பவில்லை. அதனால் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை வந்தது. கடலோரக் குப்பங்களுக்கு நான், செங்கல்பட்டுப் பக்கத்துக்கு அவள் என்று பேசாமலே பிரித்துக்கொண்டோம்.

நிச்சயதார்த்தத்துக்கு அதுவரை தனியாகப் படம் எடுக்கும் வழக்கம் பெரிதாக இல்லை. தட்டு மாற்றும்போது நாலு, மோதிரம் போடும்போது நாலு, சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து நிற்கும்போது மிச்சம். பிறகுதான் பையனையும் பெண்ணையும் மாமல்லபுரம் கடற்கரைக்கு அழைத்துப்போய் 'அவுட்டோர்' எடுப்பது வந்தது. எனக்கு அது வரவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். மண்டபத்துக்குள் ஓடி ஓடி எடுப்பதில் நான் கெட்டிக்காரி. இரண்டு பேரைத் தனியாக என் முன்னால் நிறுத்திவிட்டால் அவர்கள் மரக்கட்டை ஆகிவிடுவார்கள். பையனுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியாது. பெண் தரையைப் பார்ப்பாள். நான் "ஸ்மைல் பண்ணுங்க, ஸ்மைல் பண்ணுங்க" என்பேன். புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீன் விற்கும் ஒரு அம்மா, தன் பெண்ணின் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? "இன்னாம்மா இது, எம் பொண்ணு வோட்டர் கார்டுல கீற மாரி கீது? எப்பப் பாத்தாலும் சிரிச்சிகினு கீற புள்ளமா அது!" மார்க்கெட்டே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, மீன் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதே சமயத்தில் விமலா எடுத்த படங்கள் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தன. நம் தெருவிலேயே ஒரு பெண், அவள் சித்தி மகளின் படத்தை என்னிடம் நீட்டி, "ஆன்ட்டி, எனக்கு இந்த மாதிரி எடுங்க" என்றாள். பார்த்ததுமே அது யார் எடுத்ததென்று தெரிந்துவிட்டது. அந்தப் படத்தில் பையன் ஏதோ சொல்ல, பெண் புறங்கையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு பேரையும் நமக்குப் பத்து வருடமாகத் தெரியும் போல இருந்தது. அவள் வைத்திருந்த லென்ஸையே நானும் வாங்கினேன். அவள் எந்த இடத்தில் எடுக்கிறாள் என்று விசாரித்து அங்கேயே போனேன். மதியத்தில் எடுத்தால் கண்குழியில் கறுப்பு விழுகிறது என்பதை நானாகவே கண்டுபிடித்தேன். நம் கடற்கரை கிழக்குப் பார்த்தது. சாயங்காலம் சூரியன் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இறங்கிய பிறகு மணல் முழுக்க நிழல் விழும், வெளிச்சம் பால் மாதிரி முகத்தில் பரவும், யாரும் கண்ணைச் சுருக்க மாட்டார்கள். அந்த நேரத்துக்கே போனேன். கடலும் வானமும் சேரும் கோடு படத்தில் கழுத்தை வெட்டாதபடி நிறுத்தினேன். எல்லாம் செய்தும், அழகான வெளிச்சத்தில் இரண்டு மரக்கட்டைகள்தான் கிடைத்தன. ஒருநாள் மானத்தை விட்டு அவளிடமே கேட்டேன். "நான் ஒண்ணுமே பண்றதில்லடி, அவங்களா பண்ணுவாங்க" என்றாள். தொழில் ரகசியத்தை மறைக்கிறாள் என்று நினைத்தேன். அதன் பிறகு அவள் வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். உனக்கு ஞாபகம் இருக்கலாம், "விமலா அத்தை ஏம்மா வர்றதே இல்ல?" என்று நீ கேட்டபோதெல்லாம், "அவளுக்கு இப்ப ஏகப்பட்ட ஆர்டர்" என்று சொல்வேன். அதுவும் உண்மைதான். அதைச் சொல்லும்போது என் குரல் எப்படி இருந்தது என்பது உனக்குத்தான் தெரியும்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். ஹேமாவைப் பேசி முடித்த வாரம் நீ ஆபீசிலிருந்து வந்து, கை கால்கூடக் கழுவாமல் சமையலறை வாசலில் நின்றாய். "அம்மா, நிச்சயதார்த்தத்துக்கு நீ கேமரா தூக்க வேணாம். அன்னிக்கு நீ மாப்பிள்ளையோட அம்மா. பட்டுப்புடவை கட்டிக்கிட்டு உக்காரு" என்றாய். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. "சரி, மண்டபத்துல வேற யாராவது எடுக்கட்டும். பீச்சுல உங்க ரெண்டு பேரையும் நான் எடுத்துக்கறேன்" என்றேன். நீ பாத்திரம் விளக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டு, "அதுக்கும் விமலா அத்தைய சொல்லியாச்சும்மா" என்றாய். ஹேமாவின் வீடு செங்கல்பட்டு, அவர்கள்தான் சொல்லியிருப்பார்கள் என்று நானே உனக்கு ஒரு வழி விட்டேன். "அவங்க வீட்ல சொன்னாங்களா?" என்றேன். நீ பொய் சொல்லவில்லை. "இல்லம்மா. நான்தான் சொன்னேன்."

அன்றைக்கு நான் சத்தம் போடவில்லை. தோசை வார்த்தேன், நீ சாப்பிட்டாய். அப்பா வந்ததும் அவரிடம் சொன்னேன். "அவ எடுத்தா என்ன, நீ எடுத்தா என்ன? புள்ள ஒண்ணுதானே" என்றார். அந்த மனிதருக்கு எதுவுமே பெரிய விஷயம் கிடையாது. எனக்கு அப்படி இல்லை. ஊரில் எத்தனையோ பேர் என்னை விட்டுவிட்டு அவளிடம் போயிருக்கிறார்கள். என் வயிற்றில் பிறந்தவனும் போவான் என்று நான் நினைத்ததே இல்லை.

நீங்கள் மாமல்லபுரம் போன அன்று, ஹேமாவின் புடவை மடிப்பைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று சொல்லி நானும் காரில் ஏறிக்கொண்டேன். உண்மையில் நான் வேவு பார்க்கத்தான் வந்தேன். கரையில் கிடந்த ஒரு படகின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டேன். விமலா என்னைப் பார்த்து, தானே பெண் வீட்டுக்காரி மாதிரி, "வாடி சம்பந்தியம்மா" என்றாள், நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவள் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. ஹேமாவிடம் மீன் சாப்பிடுவாயா, ஆய்ந்து சமைக்கத் தெரியுமா என்று ஊர்க்கதை பேசினாள். சுண்டல் வாங்கித் தந்தாள். வேலை நேரத்தில் என்ன இப்படி, வெளிச்சம் போய்விடுமே என்று எனக்குத்தான் கை பரபரத்தது. பிறகு, "அந்த நீலப் படகு வரைக்கும் நடந்து போயிட்டு வாங்க, செருப்பைக் கையில எடுத்துக்கங்க" என்றாள். பார், கைக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. "முரளி, போற வழியில அவ காதுல ஏதாவது சொல்லு. எனக்குக் கேக்கக் கூடாது." அவ்வளவுதான் அவள் சொன்னது. நீங்கள் போனதும் தூரத்திலேயே நின்று, நீள லென்ஸைப் போட்டுக்கொண்டாள். நீங்கள் அவளை மறந்துவிட்டீர்கள்.

அப்போதுதான் அந்த அலை வந்தது. ஹேமா கத்திக்கொண்டே துள்ளினாள், புடவைக் கரை நனைந்துவிட்டது. நீ மணலில் முட்டி போட்டு உட்கார்ந்து, அந்த ஈரக் கரையைக் கையில் பிடித்து முறுக்கிப் பிழிந்தாய். பிழிந்துகொண்டே நிமிர்ந்து அவளைப் பார்த்தாய். ஆல்பத்தின் நடுப்பக்கத்தில் இருக்கும் படம் அதுதான். வீட்டில் குளித்துவிட்டு ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போகிறவன் நீ. இருபத்தாறு வருடம் நான் எடுத்து உலர்த்தியிருக்கிறேன். அந்தப் பார்வையை நான் பார்த்ததே இல்லையடா. எனக்குப் பக்கத்தில் இருந்தும் தெரியாத ஒன்று, தூரத்தில் நின்ற விமலாவுக்குத் தெரிந்தது. அது கிடைத்ததோ, இரண்டே மாதமாகத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு. யார் மேல் அதிகம் எரிச்சல் பட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

திரும்பி வந்ததும் ஹேமாதான் ஓடிவந்து, "அத்தை, நீங்களும் ஒண்ணு எடுங்க, ப்ளீஸ்" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். விமலா உடனே கேமராவைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். நான் கண்ணில் வைத்தேன். வைத்த மாத்திரத்தில் என் வாய் திறந்தது. "முரளி, நேரா நில்லு. தோளை ஏன் அப்படித் தொங்கப் போடற? முகவாயைத் தூக்கு. ஹேமா, நீ இந்தப் பக்கம்மா. சிரிங்க." நான் சொல்லச் சொல்ல உன் முகம் மூடிக்கொண்டே போனதைக் கேமரா வழியாகப் பார்த்தேன். ஸ்கூல் குரூப் போட்டோவுக்குப் போகும் நாளில் உன்னைக் கால்களுக்கு நடுவில் நிறுத்தி, தலையைப் படிய வாரி, காலர் பட்டனைக் கழுத்து வரைக்கும் போட்டு, பவுடரைச் சரிசெய்து அனுப்புவேனே, அப்போது ஒரு முகம் வைத்திருப்பாய், எப்போது விடுவாய் என்று கேட்கிற முகம். அதே முகம். சற்று முன் முட்டிபோட்டு நிமிர்ந்து பார்த்தவன் எங்கே போனான்? நான் எடுத்த எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் என் குரலைக் கேட்டு மூடிக்கொண்டார்கள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒன்றுகூட எடுக்காமல் கேமராவைத் திருப்பிக் கொடுத்தேன். "கண்ணாடி இல்லாம சரியாத் தெரியல" என்றேன். விமலா என் கழுத்தில் தொங்கிய கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு கேமராவைப் பையில் வைத்து மூடினாள். ஏதாவது குத்திக் காட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

நீ ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று அதன் பிறகு நான் உன்னைக் கேட்கவில்லை, கவனித்தாயா? கேட்க ஒன்றும் மிச்சம் இல்லை. ஆனால் பொறாமை மட்டும் போகவில்லை. கல்யாணம் நடந்தது, மறுவீடு முடிந்தது, நீங்கள் புனேவுக்கு ரயில் ஏறினீர்கள், அது இங்கேயே என்னோடு தங்கிவிட்டது.

நீங்கள் போன மாதத்தில் நெம்மேலியிலிருந்து ஒரு ஜோடிக்கு ஆர்டர் வந்தது. பையன் கடலுக்குப் போகிறவன். பெண்ணுக்கு முன்பல் ஒன்று கொஞ்சம் தூக்கலாக இருக்கும், அதனால் உதட்டை இறுக்கி மூடியே வைத்திருந்தாள். பழைய நானாக இருந்தால் சிரி, சிரி என்று அந்தப் பெண்ணை அழ வைத்திருப்பேன். இந்த முறை அவர்கள் குப்பத்திலேயே எடுக்கலாம் என்று சொன்னேன். கேமராவைப் பையில் வைத்துக்கொண்டு, வலை காயும் இடத்தில் அவர்களோடு உட்கார்ந்து டீ குடித்தேன். அன்று கடல் கொஞ்சம் ஏறியிருந்தது. ஆட்கள் ஒரு படகை மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். பையனின் மாமா ஒருத்தர் அங்கிருந்தே கத்தினார்: "டேய் மாப்ள, நீ போட்டோ புடிச்சிகினு நின்னா படகை யாருடா இஸ்பாங்க? வந்து கை குடுறா!" பையன் புதுச்சட்டையோடு ஓடினான். அந்தப் பெண் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள், பிறகு புடவையைச் செருகிக்கொண்டு தானும் போய்க் கயிற்றைப் பிடித்தாள். "முந்தானை! முந்தானையைச் சரி பண்ணும்மா!" என்று என் தொண்டை வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினேன். முரளி, இத்தனை வருடத் தொழிலில் எனக்கு அதைவிடக் கஷ்டமான வேலை வாய்த்ததில்லை. கயிறு நழுவியது, இரண்டு பேரும் மணலில் பொத்தென்று உட்கார்ந்தார்கள். அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

பாதிப் படங்கள் ஆட்டம் கண்டுவிட்டன. ஒன்றில் யாரோ ஒருவரின் முழங்கை குறுக்கே வந்துவிட்டது. ஆனால் நாலைந்து படங்களில் உயிர் இருந்தது. கேமராவின் திரையில் காட்டியபோது அந்தப் பெண் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ அக்கா, பல்லு தெரியுது, அது வோணாம், அழிச்சிடுங்க" என்றாள். பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கு அழிக்கணும்? அந்தப் பல்லு தெரியற போட்டோதான் எனக்கு வோணும். பெருசா போட்டுக் குடுங்க" என்றான். அவள் அவனை ஒரு அடி அடித்தாள். அதையும் எடுத்துக்கொண்டேன்.

பிரிண்ட் வாங்கச் செங்கல்பட்டு லேபுக்குப் போனபோது விமலா அங்கே நின்றிருந்தாள். மேஜையில் என் படங்கள் கிடந்தன. அவள் கயிற்றுப் படத்தைக் கையில் எடுத்தாள், வெளிச்சத்துக்குத் திருப்பினாள், கீழே வைத்தாள், மறுபடியும் எடுத்தாள். "யாரு எடுத்தது?" என்றாள், லேப்காரரிடம். அவர் என்னைக் காட்டினார். "எங்கடி இது?" என்றாள். "நெம்மேலி" என்றேன். "நெம்மேலில எங்க?" "கடற்கரையிலதான்." "நீ என்ன சொல்லி இப்படிச் சிரிக்க வெச்ச?" "ஒண்ணுமே சொல்லலடி" என்றேன். நம்பவில்லை. அவள் குரலில் இருந்தது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். அது எனக்குச் சொந்தமான பொருள், பல வருடம் புழங்கியிருக்கிறேன். இனிப்பு சாப்பிட்ட மாதிரி இருந்தது. வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது பின்னாலேயே வந்தாள். அடுத்த மாதம் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம், ஒரே ஆளால் ஆகாது, ஜோடியை நீ எடு, மண்டபத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை. பஸ்ஸில் உட்கார்ந்ததுமே எந்தப் புடவை கட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன். இருந்தாலும் இரண்டு நாள் காக்க வைத்துத்தான் போன் செய்தேன்.

இதையெல்லாம் உனக்கு ஏன் சொல்கிறேன் என்றால், உனக்கும் இது வரும். ஹேமா ஒரு நல்ல செய்தியை உன்னிடம் சொல்வதற்கு முன்னால் அவள் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லுவாள். உன்னோடு வேலைக்குச் சேர்ந்தவன் உனக்கு முன்னால் மேலே போவான். நெஞ்சு சுருக்கென்னும். அப்போது பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விடாதே. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்து பார். அவர்களிடம் இருப்பதில் உனக்கு எது வேண்டும் என்று தெரிந்துகொள்ள அதைவிட்டால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. எனக்கு மெதுவாகத்தான் தெரிந்தது. உனக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம்.

தீபாவளிக்கு நீங்கள் செங்கல்பட்டுக்குத்தான் வருவீர்கள். தலை தீபாவளி பெண் வீட்டில்தான், அதுதான் முறை, நானும் அப்படித்தான் படாளத்துக்குப் போனேன். உன் தலையில் அன்றைக்கு வேறு கை எண்ணெய் வைக்கும். இப்போதே எரிகிறது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ ஒன்று செய். குளித்துப் புதுத்துணி கட்டியதும் வீட்டுக்கு ஒரு போன் போடு. போட்டதும் முதலில் ஹேமாவிடம் கொடு. எண்ணெய் நன்றாகத் தேய்த்தாயா, தலையை உலர்த்தினாயா என்றெல்லாம் அவளிடம் நான் எதுவும் கேட்கப் போவதில்லை. அவளாக என்ன சொல்கிறாளோ, அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அம்மா